பதினொன்றே முக்காலுக்கு அணையும் அடுப்பு

அத்தியாயம் ஐந்து

மனிதன் நெருப்பை என்றைக்குத் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்தானோ, அன்றைக்கே நாகரிகம் பிறந்தது. குகையில் இருந்தவன் சமைத்தான். சமைத்தவன் ஊர் கட்டினான். ஊர் கட்டியவன் சட்டம் எழுதினான். அந்த நெடும் பயணத்தின் சிகரம் என்று அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் கோல்டன் மெசா குடியிருப்பைத் தாராளமாகச் சொல்லலாம். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், நூற்று எண்பத்தாறு பக்கத்துக்கு விதிப்புத்தகம், ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே யாருக்கும் இடமில்லை. அங்கே ஜனவரி பிறந்ததிலிருந்து நாகரிகம் தினமும் காலை பதினொன்றே முக்காலுக்கு அணைந்துபோய்க்கொண்டிருந்தது.

அணைந்தது நீச்சல்குளத்தைச் சூடாக்கும் கேஸ் அடுப்பு. குளத்தைப் பராமரிக்கும் எஃப்ரேன் சலாசார் காலை ஏழு மணிக்கு வந்து பற்றவைப்பார். நீலமாக, அழகாக எரியும். பதினொன்றே முக்கால் ஆனதும் ஒரு தும்மல். அணைந்துவிடும். தானே மறுபடி பற்றிக்கொண்டு இரண்டு நிமிஷம் எரியும். மறுபடி தும்மல். மூன்று தும்மலுக்குப் பிறகு அது வீம்பு பிடித்துக்கொண்டு மறுநாள் எஃப்ரேன் வரும்வரை வாயே திறக்காது.

நான்கு வாரமாகக் குளம் சில்லிட்டுக் கிடந்தது. நீர்ப்பயிற்சி வகுப்புப் பெண்கள் முதல் வாரம் கம்பளித் தொப்பியோடு இறங்கினார்கள். இரண்டாவது வாரம் இறங்குவதை நிறுத்திவிட்டுக் கரையில் நின்று கையை மட்டும் ஆட்டினார்கள். எஃப்ரேன் பொறி தட்டும் முனையை மாற்றினார், தீயை உணரும் கம்பியை மாற்றினார், வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். கேஸ் கம்பெனி ஆள் வந்து அழுத்தம் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சங்கத் தலைவர் வென்டெல் ஸ்டாக்பிரிட்ஜ் பணியில் இருந்த காலத்தில் ஒரு தரைவிரிப்புக் கம்பெனியின் துணைத் தலைவர். 'துணை'யை உதறிவிட வேண்டும் என்றே ஓய்வுபெற்றவர். அவர் தீர்ப்பு இது: இயந்திரத்தில் குற்றமில்லை என்றால் குற்றம் மனிதனிடம் இருக்கிறது. யாரோ நாசவேலை செய்கிறார்கள்; இல்லாவிட்டால் எஃப்ரேனுக்கு வேலை தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பொதுக்கூட்டம். அதற்குள் நாசகாரன் அகப்படாவிட்டால், பன்னிரண்டு வருஷம் குளம் பார்த்த எஃப்ரேனை நிறுத்திவிட்டு, சுற்றுவட்டாரத்தின் ஒன்பது குடியிருப்புகளுக்கும் 'இந்த ஆளை வைத்துக்கொள்ளாதீர்கள்' என்று கடிதம் போடுவதாகத் தீர்மானம் அச்சாகித் தயாராக இருந்தது. அந்தக் கடிதம் போய்விட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் எஃப்ரேனை நம்பி ஒரு வாளித் தண்ணீரைக்கூட யாரும் ஒப்படைக்கமாட்டார்கள்.

இன்று புதன். மணி பத்தரை.

"ஓபல், நம்ம குற்றவாளிக்குக் கடவுள் பயம் இருக்கு" என்றார் லூதர் பிளெட்சோ.

கோல்ஃப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஓபல் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின்னாலிருந்து வரும் பேச்சில் எதற்குத் திரும்ப வேண்டும், எதற்குத் திரும்ப வேண்டாம் என்று அவள் கழுத்துக்குத் தெரியும்.

"எப்படிச் சொல்றீங்க பாஸ்?"

"குறிப்பைப் பாரு. நாலு வாரம். திங்கள்லேருந்து சனி வரைக்கும் அணையுது. ஞாயித்துக்கிழமை மட்டும் அணையல. நாலு ஞாயிறும்! ஆறு நாள் பாவம் பண்ணிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுக்கிற ஆளு."

"அப்போ தபால்காரரா இருக்கலாமே. அவருக்கும் ஞாயிறு லீவுதான்."

"தபால்காரருக்கு நோக்கம் கிடையாதே."

"நமக்கு வர்ற விளம்பரக் கடுதாசி அத்தனையையும் அவர்தானே சுமக்கறாரு? அதைவிடப் பெரிய நோக்கம் வேணுமா?"

லூதர் குறிப்பேட்டின் பக்கத்தைப் புரட்டினார். அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆலங்கட்டி விழுந்த கூரைகளை முப்பது வருஷம் விசாரித்தவர். ஓடுகளை ஆலங்கட்டி உடைத்ததா, வீட்டுக்காரன் சுத்தியலால் உடைத்ததா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார் என்று பெயர். பெயரை வைத்தவரும் அவரே. ஓய்வுக்குப் பிறகு 'தனியார் துப்பறிவாளர்' என்று அட்டை அடித்துக்கொண்டார். நாசகாரனைப் பிடிக்கும் பொறுப்பைத் தலைவர் அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார். ஓபல் அவருடைய உதவியாளர். வண்டி அவளுடையது என்பதால் அந்தப் பதவி அவளுக்கு வந்தது.

"கடவுள் பயம், குளிர்ந்த தண்ணி மேல ஆசை, சங்கத்து மேல கோபம்" என்று லூதர் விரலை மடக்கினார். "மூணும் சேர்ந்த ஆள் இந்த வளாகத்துல ஒருத்தர்தான்."

"இங்க்ரிட்."

"பேரைச் சொல்லாதே. சுவருக்கும் காது உண்டு."

"இங்க இருக்கிற சுவருக்கெல்லாம் காது மெஷின் போட்டாத்தான் கேக்கும் பாஸ்."

இங்க்ரிட் ஹால்வர்சன் குளத்தங்கரையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்து நான்கு வயது. மினசோட்டாவில் பிறந்து, உறைந்த ஏரியில் துளைபோட்டுக் குளித்து வளர்ந்தவள். சங்கத்தின் செயலாளர். தண்ணீரைச் சூடாக்குவது ஒழுக்கக்கேட்டின் முதல் படி என்று போன வருஷ ஆண்டறிக்கையிலேயே எழுதியிருந்தாள்.

லூதர் தொண்டையைச் செருமினார். "மிசஸ் ஹால்வர்சன், நேத்து காலைல பதினொன்றே முக்காலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"தண்ணிக்குள்ள."

"சாட்சி?"

"ரெண்டு வாத்து."

"அடுப்பு அணையறது உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான்" என்றாள் இங்க்ரிட். "ஆனா லூதர், நான் அணைச்சிருந்தா முதல் நாளே நோட்டீஸ் ஒட்டிட்டுத்தான் அணைச்சிருப்பேன். ஒளிஞ்சு பண்றதெல்லாம் எங்க ஊர்ல கிடையாது. அவ்வளவு குளிர்ல யாரும் அவ்வளவு நேரம் ஒளிய முடியாது."

"அப்போ யாருன்னு நினைக்கிறீங்க?"

"எனக்கு முழங்கால் கவலையே தலைக்குமேல கிடக்கு. பதினோரு மணிக்கு ஏணியில இறங்கறப்ப ஒண்ணும் தெரியறதில்ல. சொகமா இறங்கிடறேன். பன்னெண்டுக்கு ஏறறப்ப அதே ஏணி, அதே படி, காலைத் தூக்க முடியல. ஒரு மணி நேரத்துல ஏணி வளர்ந்துடுது. டாக்டர் வயசுன்றாரு. நான் கேக்கறேன், ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு வயசு குறையுதா?"

லூதர் 'முழங்கால்: சம்பந்தமில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினார்.

ஓபல் ஏணியைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். சுவரின் நீல ஓடுகளில், கரையை ஒட்டி, டிசம்பரில் பதித்த பொன்னிற எழுத்துகள் மின்னின: 'இக்குளம் புதுப்பிக்கப்பட்டது, தொலைநோக்கு மிக்க தலைவர்'. அதற்கப்புறம் வாசகம் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அடுத்த வரி அலைக்குக் கீழே நெளிந்து, படிக்கமுடியாமல் கிடந்தது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு காயப் பிளாஸ்திரியை எடுத்துப் பிரித்து, ஏணிக் கம்பியைத் துடைத்து, தண்ணீர் தொடும் இடத்தில் சுற்றி ஒட்டினாள்.

"ஏணிக்கு அடிபட்டிருக்கா?" என்றார் லூதர்.

"யாருக்கோ படப்போகுது பாஸ்."

பம்ப் அறை குளத்துக்குப் பின்னால் மதிலோடு ஒட்டியிருந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி இரண்டே இரண்டு: ஒன்று எஃப்ரேனிடம், ஒன்று சங்க அலுவலகத்தில். லூதர் தாழ்ப்பாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஓபல் மதிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே மழை பெய்தால் மட்டும் ஓடும் வறண்ட ஓடை. ஆறு வாரமாக மழை இல்லை. வளாகம் முழுக்கச் சரளைக்கல்லும் கள்ளியும்; புல் வளர்ப்பது விதி முப்பத்தொன்பதின்படி தடை. ஆனால் பம்ப் அறைக்கு நேர் பின்னால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் பச்சைப் புல். அதைச் சுற்றிச் சேறு. சேற்றில் நிறையக் குளம்புத் தடங்கள்.

"பாஸ், இங்க வாங்க. ஹாவலீனா."

ஹாவலீனா என்பது பன்றிக்குத் தூரத்து உறவு. அந்த உறவைப் பன்றிகள் ஒப்புக்கொள்வதில்லை. மத்தியானமானால் ஒரு கூட்டம் வந்து மதிலோரம் நிற்கிறது என்று குடியிருப்போர் மூன்று வாரமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள். வனவிலங்குத் துணைக்குழு அவற்றுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை அனுப்பலாமா என்று ஆலோசித்துவந்தது.

லூதர் தடங்களைப் பார்த்தார். "பன்றிக்கும் அடுப்புக்கும் சம்பந்தமில்லை, ஓபல்."

"பன்றிக்கும் தண்ணிக்கும் இருக்கே. பாலைவனத்துல இதுங்க தினம் மத்தியானம் சொல்லிவச்ச மாதிரி வருதுன்னா, யாரோ தினம் மத்தியானத்துக்கு முன்னாடி சொல்லிவச்ச மாதிரி தண்ணி ஊத்தறாங்க. இதோ பாருங்க." மதிலின் அடியில் ஒரு குழாய் வாய் துருத்திக்கொண்டிருந்தது. "இது எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளைக் கேப்போம்."

தெரிந்த ஆள் வாயிலுக்கு வெளியே தன் வண்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். விதி இருபத்தேழு: வேலைக்கு வருகிறவர்கள் காலை பத்து மணிக்குமேல் வளாகத்துக்குள் இருக்கக்கூடாது, பார்வைக்கு உகந்ததல்ல. ஆகவே பன்னிரண்டு வருஷமாகக் குளம் பார்க்கும் எஃப்ரேன் அந்தக் குளத்தை மத்தியானத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"அணைஞ்சப்புறம் அடுப்போட முகப்புல என்ன காட்டுது, எஃப்ரேன்?" என்று கேட்டாள் ஓபல்.

"தண்ணி ஓட்டம் போதலைன்னு காட்டுது மேடம். உள்ள தண்ணி சரியா ஓடலைன்னா அடுப்பு தானா அணைஞ்சிடும். இல்லாட்டி காய்ஞ்சு வெடிச்சிடுமில்ல? அதுக்கு இருக்கிற புத்தி பாதிப் பேருக்குக் கிடையாது. ஆனா காலைல நான் வந்து பார்த்தா ஓட்டம் ஜோரா இருக்கு. வடிகட்டி சுத்தம், பம்ப் சுத்தம். நானும் எத்தனை நாள்தான் தலையைப் பிச்சுக்கறது?"

"தண்ணி எப்படிப் பம்ப்புக்குப் போகுது?"

"சுவத்துல ஒரு வாய் இருக்குல்ல, இலை குப்பையெல்லாம் இழுக்குமே, அதுவழியா."

"குளத்துத் தண்ணி அந்த வாய்க்குக் கீழே இறங்கிட்டா?"

எஃப்ரேன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "காத்தை உறிஞ்சும். பம்ப் திணறும். அடுப்பு தும்மும்." சற்று யோசித்தார். "ஆனா இறங்காதே மேடம். மிதவை போட்டிருக்கேன், நம்ம கக்கூஸ் தொட்டியில இருக்குமே அது மாதிரி. குறைஞ்சா தானா நிரப்பும். மெதுவாத்தான் நிரம்பும். ரெண்டு அங்குலம் குறைஞ்சா நிரம்ப ராத்திரி முழுக்க ஆகும்."

"ஆக, காலைல ஏழு மணிக்கு நீ வர்றப்ப..."

"ரொம்பியிருக்கும்" என்றார் எஃப்ரேன். அவர் முகம் மெல்ல மாறியது. "யாரோ தண்ணியைத் திறந்து விடறாங்க."

மதிலுக்கு அடியிலிருக்கும் குழாய், எஃப்ரேன் சொன்னபடி, வடிகட்டியைக் கழுவும் அழுக்குத் தண்ணீர் வெளியே போகிற வழி. பம்ப் அறையில் ஒரு வால்வைத் திருப்பினால் குளமே அதன்வழியாக வெளியே போகும்.

ஓபல் மணி பார்த்தாள். பதினொன்று ஐந்து. வண்டியின் பின்னாலிருந்து ஒரு வெளிர்மஞ்சள் கோல்ஃப் சட்டையையும் வெள்ளைத் தொப்பியையும் எடுத்து எஃப்ரேனிடம் நீட்டினாள். அவற்றைப் போட்டுக்கொண்ட மாத்திரத்தில் எஃப்ரேன் எந்த விதியிலும் சிக்காத மனிதராகிவிட்டார். வாயிற்காவலர் அவருக்குக் கையசைத்து, நல்ல ஆட்டம் அமைய வாழ்த்தினார்.

மறைந்திருந்து கண்காணிப்பதுதான் துப்பறிவதன் உயிர்நாடி என்று லூதர் அறிவித்துவிட்டுப் பம்ப் அறைக்கு எதிரே 'சோய்யா' என்ற முட்கள்ளிக்குப் பின்னால் பதுங்கினார். அந்தக் கள்ளியின் முட்கள் ஆளைத் தேடிவந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை அந்த மாநிலத்தில் மூன்று வயதுக் குழந்தையும் அறியும். லூதருக்கு அப்போது எழுபத்தொன்று. ஓபல் பதுங்கவில்லை. வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, எஃப்ரேனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கம்பளி பின்னினாள். கோல்டன் மெசாவில் கோல்ஃப் வண்டியில் கம்பளி பின்னும் பெண்ணைவிட நல்ல மறைவிடம் கிடையாது.

பதினொன்று பதினைந்துக்குப் பம்ப் அறையை நோக்கி ஒருவர் வந்தார். வெள்ளைக் காலணி. மார்பில் பெயர்ப்பட்டை. வாயில் சீட்டி. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனார். ஒரு நிமிஷத்தில் மதிலுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

சங்கத் தலைவர் வென்டெல் ஸ்டாக்பிரிட்ஜ்.

"இவருதானே மேடம் உங்களை விசாரிக்கச் சொன்னது?" என்றார் எஃப்ரேன் மெல்ல.

"ஆமா" என்றாள் ஓபல். "கண்டுபிடிக்காதீங்கன்னு சொல்ல மறந்துட்டாரு போல."

ஓபல் பின்னிக்கொண்டே காத்திருந்து, பதினொன்று நாற்பதுக்கு எஃப்ரேனோடு கதவருகே போனாள். அது திறந்தே இருந்தது. தலைவர் வால்வின் கைப்பிடிமேல் ஒரு கையும் கடிகாரத்தின்மேல் கண்ணுமாக நின்றார். ஓபலைப் பார்த்ததும் அவர் முகத்தில் துளிக் குற்றமும் இல்லை. புன்னகைதான் இருந்தது.

"வாங்க ஓபல்! நாசகாரன் மாட்டிக்கிட்டானா?"

"மாட்டிக்கிட்ட மாதிரிதான் இருக்கு தலைவரே. நீங்க என்ன பண்றீங்க?"

"இதுவா? ஒரு சின்ன அழகுப் பராமரிப்பு." எஃப்ரேன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "புது விருந்தாளியா? ரொம்ப மகிழ்ச்சி. பன்னிரண்டு மணிக்கு நம்ம வளாகச் சுற்றுலா இருக்கு, நானே அழைச்சுட்டுப் போறேன். வீடு ஏதாவது பார்த்து வச்சிருக்கீங்களா?"

எஃப்ரேன் தொப்பியைக் கழற்றினார். "நான் எஃப்ரேன் சார். பன்னெண்டு வருஷமா உங்க குளம் பார்க்கிறேன்."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"பத்து மணி தாண்டிடுச்சே" என்றார் தலைவர் கடைசியில்.

அதே சமயம் குளத்துப் பக்கமிருந்து உறிஞ்சுகுழலால் கோப்பையின் அடியைத் துழாவுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. சுவரின் வாய் காற்றை இழுத்தது. பம்ப் இருமியது. அறையின் மூலையில் அடுப்பு ஒரு தும்மல் தும்மி அணைந்தது. ஓபல் மணி பார்த்தாள். பதினொன்று நாற்பத்து நான்கு.

"ஒரு நிமிஷம் முந்திக்கிச்சு" என்றாள். "வாங்க தலைவரே, ஏணியைப் பார்ப்போம்."

ஏணிக் கம்பியில் அவள் ஒட்டிய பிளாஸ்திரி தண்ணீருக்கு மேலே இரண்டு அங்குலம் உயரத்தில், காய்ந்துபோய் இருந்தது. அதற்குப் பக்கத்தில், சுவரின் நீல ஓடுகளில், இதுவரை மூழ்கியிருந்த இரண்டாவது வரி வெயிலில் பளபளத்தது: 'வென்டெல் ஆர். ஸ்டாக்பிரிட்ஜ் அவர்களின் பொற்காலத்தில்.'

நீந்திக்கொண்டிருந்த இங்க்ரிட் ஏணிக்கு வந்து காலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். "ஏன்யா, அப்போ எனக்கு வயசாகலையா?"

தலைவர் நிழற்குடையின் கீழ் உட்கார்ந்துவிட்டார். கேட்காமலே எல்லாம் வந்தது. டிசம்பரில் குளத்தை வற்றவைத்து, பூச்சு புதுப்பித்தபோது, பெயர்ப்பலகைத் துணைக்குழு ஐந்து முறை கூடியது. எழுத்தின் வடிவத்துக்கு இரண்டு கூட்டம். பொன்னிறம் எந்தப் பொன்னிறம் என்பதற்கு இரண்டு. 'தொலைநோக்கு' வேண்டுமா 'தீர்க்கதரிசனம்' வேண்டுமா என்பதற்கு ஒன்று. குழுவின் ஏழு பேரும் வெற்றுக் குளத்துக்குள் இறங்கி நின்று, ஓடு பதிக்கும் உயரத்தைக் கண்ணுக்கு இதமாகப் பார்த்து ஒருமனதாக அங்கீகரித்தார்கள். தண்ணீர் எதுவரை வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. குளத்தில் தண்ணீர் வரும் என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"நிரப்பினப்புறம் பார்த்தா, என் பேர் மட்டும் உள்ள போயிடுச்சு" என்றார் தலைவர் தரையைப் பார்த்து. "தினம் பன்னிரண்டு மணிக்கு வடக்கேயிருந்து வீடு பார்க்க வர்றவங்களை இங்க கூட்டிட்டு வந்து நிறுத்தறேன். 'தொலைநோக்கு மிக்க தலைவர்' வரைக்கும் படிச்சுட்டு, யாருன்னு என்னையே கேக்கறாங்க ஓபல். நானே நின்னுட்டிருக்கேன், என்கிட்டயே கேக்கறாங்க."

"அதான் ஞாயித்துக்கிழமை அணையல" என்றாள் ஓபல். "சுற்றுலா கிடையாது."

"தண்ணி குறைஞ்சா அடுப்பு அணையும்னு எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்றவரைத்தான் பத்து மணிக்கு வெளிய அனுப்பிடறீங்களே சார்" என்றார் எஃப்ரேன்.

அப்போது லூதர் வந்து சேர்ந்தார். நேராக நடக்க முடியவில்லை. கால்சட்டையின் பின்பக்கத்தில் நான்கு கள்ளி உருண்டைகள் பதக்கங்கள்போல ஒட்டிக்கொண்டிருந்தன.

"யாரும் அசையக்கூடாது" என்றார். "ஆரம்பத்திலேயே எனக்கு இவர்மேல சந்தேகம்."

ஓபல் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அவரைத் திரும்பி நிற்கச் சொன்னாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று ஓபல் கேட்டபோது, தலைவர் உண்மையான வருத்தத்தோடு தலையாட்டினார். அச்சேறிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவராலேயே திரும்பப் பெற முடியாது. கூட்டம்தான் ஓட்டுப்போட்டுத் தள்ள வேண்டும். விதி பதினான்கு.

"அது எவன் எழுதின விதி?"

"நான்தான்" என்றார் தலைவர். "அன்னிக்கு வேற ஒருத்தரை மாட்டிவிடறதுக்காக எழுதினது."

ஆகவே எல்லாம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் கையில் போய் நின்றது. நான்கு வாரம் குளிரில் விறைத்த நூற்றுக்கணக்கான பேர், யாரையாவது தண்டித்தே ஆக வேண்டும் என்ற ஆர்வத்தோடு வருவார்கள். தலைவரைத் தண்டித்தால் அடுத்த தலைவரைத் தேட வேண்டும். குளம் பார்க்கிறவரைத் தண்டிப்பது எளிது. அவர்களுக்கு விஷயத்தைப் புரியவைக்க ஒரு பேச்சு வேண்டும். லூதர் அந்தப் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். புதன் மாலை முதல் எழுதினார். 'நெருப்பும் நீரும்: ஒரு குற்றத்தின் உடற்கூறு.' முப்பத்தொரு பக்கம், இரண்டு வரைபடம். எஃப்ரேனைப் பற்றி இருபத்தொன்பதாம் பக்கத்தில் வந்தது.

ஓபல் வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். புதன் ராத்திரி குளம் நிரம்பியது. வியாழன் காலை ஏழு மணிக்கு எஃப்ரேன் பற்றவைத்த அடுப்பு பதினொன்றே முக்காலுக்கு அணையவில்லை. மத்தியானமும் அணையவில்லை. வியாழன் முழுக்க எரிந்தது. வெள்ளி காலை நீர்ப்பயிற்சி வகுப்பில் ஒருத்தி கால்விரலை விட்டுப் பார்த்து, ஒரு சத்தம் போட்டு, உடையோடு உள்ளே விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. கூட்ட மண்டபத்தில் நூற்றிருபது மடக்கு நாற்காலிகள். மேடையில் தலைவர், கழுத்துப்பட்டையோடு. மேசையில் செயலாளர் இங்க்ரிட், வருகைப் பதிவேட்டோடு. முதல் வரிசையில் ஓபல். கடைசி வரிசையில் எஃப்ரேன். சலவை மடிப்புக் கலையாத சட்டை, தொப்பி மடியில். அவர் அதைச் சுற்றிச் சுற்றி விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

வேறு யாரும் இல்லை.

நாலு ஐந்து. லூதரும் இல்லை. ஓபல் வாசலைப் பார்த்தாள். கூட்டம் திடீரென்று மொத்தமாக வந்து நிறைந்துவிட்டால் பேச இங்கே யார்? கடைசி நிமிஷத்தில் திமுதிமுவென்று வந்து கையைத் தூக்கிவிட்டுப் போகிற வழக்கம் அங்கே உண்டு. அவளுக்கு மேடைப் பேச்சு வராது. பஸ்ஸில் 'உக்காருடா' என்று கத்தத்தான் வரும்.

நாலு பத்து. ஜன்னல் வழியாகத் தண்ணீர் தெறிக்கும் சத்தமும் சிரிப்பும் வந்தன. யாரோ பாடினார்கள். ஐம்பது, அறுபது பேர் சேர்ந்து பின்பாட்டுப் பாடினார்கள்.

"எல்லாரும் எங்க?" என்றார் தலைவர் பரிதாபமாக.

"சூப்புக்குள்ள" என்றாள் இங்க்ரிட். "அந்தச் சூட்டுல எல்லாம் நான் இறங்கமாட்டேன். காய்கறி மாதிரி வெந்துடுவேன்."

நாலு பதினைந்துக்கு அவள் பேனாவைத் திறந்து, தலையைத் தூக்கி எண்ணினாள். எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

"வேண்டியது நாப்பத்தொண்ணு. வந்தது மூணு. எஃப்ரேன், நீ வீட்டுக்காரன் இல்ல, உன்னைச் சேர்க்க முடியாது, மன்னிச்சுக்கோ. போதிய வரவு இல்ல. தீர்மானம் காலாவதி. விதி இருபத்திரெண்டு. இதே தீர்மானத்தை மறுபடி கொண்டுவரணும்னா ஒரு வருஷம் காத்திருக்கணும்." பதிவேட்டைச் சாத்தினாள். "அதையும் இவர்தான் எழுதினாரு."

தலைவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். எஃப்ரேன் எழுந்து நின்றார். நடந்தது நல்லதா கெட்டதா என்று தெரியாத முகம்.

"அப்போ நான் நாளைக்கு வரலாமா மேடம்?"

"ஏழு மணிக்கு வா" என்றாள் இங்க்ரிட். "பத்துக்குமேல இருந்தாலும் நான் பார்க்கல. எனக்கு முழங்கால்தான் சரியாச்சு, கண்ணு இன்னும் மோசம்."

எஃப்ரேன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டார். ஓபல் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கதவு படாரென்று திறந்தது. லூதர் பிளெட்சோ கையில் முப்பத்தொரு பக்கங்களோடு மூச்சு வாங்க நின்றார். காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"முடிஞ்சுபோச்சு பாஸ். எங்க போயிருந்தீங்க?"

"சம்பவ இடத்துல கடைசியா ஒரு கள ஆய்வு. தவிர்க்க முடியல."

அவருடைய தலைமுடி ஈரமாக இருந்தது.